அண்ணன் எழுதிய பதினேழு கடிதங்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். அதையே நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காது எப்படி இருக்கிறது? புதுக் கருவி இரைச்சலை மட்டும்தான் பெரிதாக்குகிறது என்று அண்ணி போனில் சொன்னார். அவருடைய முழங்கால் வலி குறைந்ததா?

அப்பா போய் ஆறு மாதம் ஆகிறது. எக்ஸ்ரே பிரிவில் நாளெல்லாம் நின்று, கால் வீங்கி, நாலரை மணிக்கு வீடு திரும்பினால் பழக்கத்தில் நேராக அவருடைய கட்டில் பக்கம் போய் நிற்கிறேன். அங்கே நின்ற பிறகுதான் வேலை ஒன்றும் இல்லை என்பது தெரிகிறது. தூக்கம் சரியில்லை. எங்கள் டாக்டரம்மா மாத்திரைக்குச் சீட்டு எழுதப் போனவர் கையை நிறுத்தி, "முதல்ல ஒரு நோட்டு வாங்கி எதையாவது எழுதிப் பாருங்களேன்" என்றார். நூலகத்தில் ஒரு எழுத்து வட்டம் இருக்கிறது என்று சொன்னவரும் அவர்தான்.

மாடியில், உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் அறையில், சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூடுகிறோம். ஏழு பேர். ஒரு பஸ் டிரைவர், ஒரு தையல்காரம்மா, தன் பற்களைப் பற்றி மட்டுமே எழுதும் ஓய்வுபெற்ற குமாஸ்தா, இப்படி. நடத்துகிறவரை மணியக்கா என்று கூப்பிடுகிறோம். இருபது நிமிடம் எழுதவிட்டு ஒரு சின்ன மணியை அடிப்பார். பிறகு வாசிக்க வேண்டும். கேட்கிறவர்கள் பாராட்டக் கூடாது, திருத்தக் கூடாது, நடந்ததா என்று கேட்கக் கூடாது. மனதில் நின்ற ஒரே ஒரு வரியை அப்படியே திருப்பிச் சொல்லலாம். ஒன்றும் நிற்கவில்லையென்றால் சும்மா இருக்கலாம்.

போன வாரம் நான் வாசித்ததும் டிரைவர், "செருப்பு இன்னும் வாசலைப் பார்த்தே கிடக்கிறது" என்று என் வரியை எனக்கே சொன்னார். வேறு யாரோ எழுதியது போல இருந்தது. அன்று கொஞ்சம் தூங்கினேன்.

நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி போடுங்கள். அண்ணிக்கு என் அன்பு.

தங்கை

பிப்ரவரி 27

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கும் உன் அண்ணிக்கும் உடம்பு வயதுக்குத் தக்கபடி இருக்கிறது. கால் வீக்கத்தை அலட்சியம் செய்யாதே. உன் மருத்துவமனையிலேயே காட்டு.

எழுத்து வட்டம் பற்றி என் கருத்தை நீ கேட்கவில்லை. கேட்காததால் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தீர்ப்புத் தொகுப்புகள் அச்சாகும் இடத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். கருணையால் சீர்ப்பட்ட ஒரு வாக்கியத்தையும் இதுவரை கண்டதில்லை. பிழையைச் சுட்டிக்காட்டக் கூடாது என்று விதி செய்துகொண்டு வட்டமாக உட்காருவது, நோயாளிகள் கூடி வெப்பமானியை உடைப்பதற்குச் சமம். எழுத்து புண்ணுக்குப் போடும் கட்டு அல்ல.

நீ அறிந்ததுதான்: என் இருபத்தொன்பதாம் வயதில், இருநூற்றுப் பத்துப் பக்கம் எழுதி முடித்த நாவலை முதலில் அப்பாவிடம் கொடுத்தேன். லிப்ட் மெக்கானிக்கான அவர் கையைத் துடைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தை நின்றபடியே படித்தார். "இதுல ஒரு ஆளும் மூச்சு விடலையேப்பா" என்றார். என் வரியை எனக்குத் திருப்பிச் சொல்ல அங்கே யாரும் வட்டமாக உட்கார்ந்திருக்கவில்லை. எழுதுவதை நிறுத்தினேன். உலகத்துக்கு நட்டமில்லை.

உன் கடிதத்தில் மூன்று பிழைகள் இருந்தன. தனித்தாளில் குறித்து இணைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

மார்ச் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

வீக்கம் வடிந்திருக்கிறது. உங்கள் இருவரின் உடம்பும் இந்த வெயிலைத் தாங்குகிறதா?

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பி, உங்கள் கடிதத்தை வட்டத்தில் வாசித்தேன். தையல்காரம்மா விதியை மீறி, "உங்கண்ணன் அளவெடுக்காமலே வெட்டுறாரே" என்றுவிட்டார். மணியக்கா அவரை முறைத்தார். பிறகு முறைப்படி நின்ற வரியைக் கேட்டபோது நாலு பேர் "கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தார்" என்றார்கள். அந்த நான்கு சொல்லில் அப்பாவைப் பார்த்துவிட்டதாகக் குமாஸ்தா தேநீர் நேரத்தில் சொன்னார். பற்களைத் தவிர அவர் பேசிய முதல் விஷயம் இது.

நவம்பரில் எங்கள் எழுத்துகளை நகலெடுத்துத் தைத்து ஒரு சின்னத் தொகுப்பாகப் போடுகிறோம். தைப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நானும் ஒன்று கொடுக்க நினைக்கிறேன். அது அப்பாவைப் பற்றியது; உங்களையும் பற்றியது. உங்களுக்குத் தெரியாத ஒன்று அதில் இருக்கிறது. வட்டத்தில் இன்னும் வாசிக்கவில்லை. முதலில் நீங்கள் படிக்க வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால் போட மாட்டேன்.

நோட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முப்பத்தொன்றாம் பக்கம்தான் முக்கியம். அவசரமில்லை, படித்துப் பாருங்கள்.

அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் தொடரட்டும்.

தங்கை

ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

தாமதத்துக்குக் காரணம் அச்சக வேலை. இங்கு யாவரும் நலம். உன் தூக்கம் எப்படி?

நோட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முப்பதாம் பக்கம் வரை பார்த்து முடித்தேன். இருநூற்றுப் பதினான்கு இடங்களில் சிவப்பு மையில் திருத்தம் உண்டு. பதினெட்டாம் பக்கத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது திங்கட்கிழமை என்று எழுதியிருக்கிறாய்; அது செவ்வாய். நான் வந்து மூன்று நாள் தங்கியதாக எழுதியிருக்கிறாய்; வந்த நாளையும் கிளம்பிய நாளையும் சேர்த்தால் நான்கு.

தொகுப்பில் இது இடம்பெறுவதை நான் விரும்பவில்லை. குடும்பத்தின் உள்விவகாரம் நூலக மாடியில் தைக்கப்பட வேண்டியதல்ல.

கண்ணுக்கு ஓய்வு கொடு.

அண்ணன்

மே 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

படித்துப் பார்க்கச் சொன்னேன், திருத்தி அனுப்பினீர்கள். நோட்டைப் பிரித்ததும் ஏதோ அடிபட்டு வந்தது போல இருந்தது. உங்களைக் குறை சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுக்கிறவளிடம் முகத்தைக் காட்டினால் அவளும் எலும்பைத்தான் பார்ப்பாள்.

ஆனால் முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. அதற்கு முந்தைய பக்கத்தோடு நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தின் ஓரம் மடங்கி, விரல் பட்டுப் பட்டு மங்கியிருக்கிறது. அதனால் படித்துவிட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். அங்கே எட்டே வரியில் ஒப்புக்கொண்டதை இங்கே விரித்துச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு நாக்குக் குழறியது, உங்களுக்குக் காது மந்தம். போனில் நீங்கள் இருவரும் சந்திக்கவே முடியாது. கடிதம் ஒன்றுதான் வழி. முதல் மாதம் ஒன்று அனுப்பினீர்கள். பிறகு வரவில்லை. தினமும் நாலரை மணிக்கு நான் உள்ளே நுழைந்ததும் அப்பா என் கையைத்தான் பார்ப்பார். "அவன் லெட்டர்?" என்று கேட்பார். முகத்தை அல்ல, கையை. ஒரு மாதம் பொறுத்தேன். டிசம்பரில் ஒரு நாள், எக்ஸ்ரே படிவத்தின் பின்பக்கத்தில் நானே ஒன்று எழுதி, உறையில் போட்டு எடுத்துப்போய், "அண்ணன் போட்டிருக்காரு" என்று வாசித்தேன். அவருக்குக் கண் மங்கியிருந்ததால் கையெழுத்து தெரியாது. கடைசிவரை, இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பதினேழு கடிதம்.

என் தூக்கம் போனது அவர் இறந்ததால் அல்ல அண்ணா. படுக்கையில் கிடந்த மனிதரை எட்டு மாதம் ஏமாற்றினேன். அவர் ஏமாந்தபடியே போய்விட்டார். இனி யாரிடம் போய்ச் சொல்வது? வட்டத்தில் வாசித்தால் இறங்கும் என்று நினைத்தேன். உங்கள் பெயரால் செய்ததை உங்களைக் கேட்காமல் வாசிக்க முடியவில்லை. என்மேல் கோபமா என்று மட்டும் சொல்லுங்கள்.

மருந்துகளை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை

மே 23

தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் ஒன்றும் இருக்காது என்று நம்புகிறேன்.

கேட்டதால் சொல்கிறேன்: ஆம், கோபம்தான். சத்தம் போடும் கோபமல்ல. அது எனக்கு வராது. ஒருவன் மௌனமாக இருப்பது அவன் உரிமை. அந்த மௌனத்துக்குள் நுழைந்து, அவன் குரலில் பேசி, அவன் கையெழுத்தை இட்டு, பிறகு அந்தக் குற்ற உணர்ச்சிக்கும் அவனிடமே மருந்து கேட்பது எந்த நியாயத்தில் சேரும்? நான் எழுதாததற்குக் காரணங்கள் இருந்தன. அவை நல்ல காரணங்களா கெட்ட காரணங்களா என்பது வேறு, அவை என்னுடையவை. நீ அவற்றைத் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் இனிப்பான ஒரு மகனை உட்கார வைத்தாய்.

ஜன்னலில் செடி வளர்ப்பவனாகவும், அதில் மொட்டு விட்டதைத் தந்தைக்குத் தெரிவிப்பவனாகவும் என்னைச் சித்திரிக்க உனக்கு யார் அதிகாரம் தந்தார்கள்? என் வீட்டு ஜன்னலில் பழைய அகராதிகள் இருக்கின்றன. அவை மொட்டு விடுவதில்லை.

ஏமாற்றினாயா என்று கேட்டால், ஏமாற்றினாய் என்றுதான் தீர்ப்பு எழுத வேண்டியிருக்கும். தொகுப்பில் போடாதே. வட்டத்திலும் வாசிக்காதே.

வெயிலில் அலையாதே.

அண்ணன்

ஜூன் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் உடல்நிலை சீராக இருக்க வேண்டும். எனக்கு இங்கே வழக்கம் போல.

தீர்ப்பை ஏற்றுக்கொள்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும்.

செடி ஆறாவது கடிதத்தில் வருகிறது. நோட்டை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு முறை தேடிவிட்டேன். செடியும் இல்லை, மொட்டும் இல்லை. பதினேழு கடிதம் எழுதினேன் என்று மட்டுமே எழுதியிருக்கிறேன். அவற்றில் என்ன எழுதினேன் என்று உங்களுக்கு மட்டுமல்ல, யாருக்கும் சொன்னதில்லை. பதினேழும் ஒரு பழைய எக்ஸ்ரே உறைக்குள், என் பீரோவின் அடித்தட்டில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர் அப்பா ஒருவர்தான்.

உங்களுக்கு எப்படித் தெரியும்?

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கை

ஜூலை 20

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்து போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தார். "உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்காரு. மேஜை டிராயரைத் திறக்கறாரு, மூடறாரு. காது கேக்காத மனுஷனுக்கு இவ்வளவு சத்தம் எதுக்குன்னு கேட்டேன், அதுவும் கேக்கல" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

மணியக்காவிடம் என் பக்கத்தை விட்டுவிடச் சொல்லிவிட்டேன். வட்டத்துக்கு இன்னும் போகிறேன், ஆனால் எழுதுவதில்லை. வராமலே இருந்துவிடுகிறேன் என்று சொன்னதற்கு டிரைவர், "எழுதலன்னா பரவால்ல, வந்து உக்காருங்க. சீட்டு காலியா இருந்தா எனக்கு மனசு கேக்காது" என்றார். இருபது நிமிடமும் நோட்டைத் திறந்துவைத்துப் பேனாவை மூடிவைத்திருக்கிறேன். மற்றவர்களின் பேனாச் சத்தம் கேட்கிறது. யாரும் ஏன் என்று கேட்பதில்லை. களைப்பாக இருக்கிறவளுக்கு அது பெரிய விஷயம்.

அடுத்த மாதம் அப்பா போய் ஒரு வருடம். இனி செடியைப் பற்றிக் கேட்க மாட்டேன். நலமாக இருங்கள், அது போதும்.

தங்கை

ஆகஸ்ட் 30

அன்புள்ள தங்கைக்கு,

உடல் நலம் பற்றி எழுத ஒன்றுமில்லை. உன் நலத்தைக் கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்பதை இதைப் படித்த பிறகு நீ முடிவு செய்.

உன் கேள்விக்கான விடை இத்துடன் இருக்கிறது. அசல்தான், நகல் எடுத்துக்கொள்ளவில்லை. சென்ற ஆண்டு ஏப்ரலில், நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அப்பாவுக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வந்தவர், அப்பா சொல்லச் சொல்ல எழுதி அஞ்சலில் சேர்த்தது. பதினாறு மாதமாக என் மேஜை டிராயரில் இருந்தது.

"மூத்தவனுக்கு. எனக்கு எக்சர்சைஸ் குடுக்க வர்றவர் இத எழுதறாரு. நான் பேசறது புரியாம பாதி நேரம் ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருக்கோம். உன் தங்கச்சி ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ உன் லெட்டர்னு ஒண்ணு படிக்கிறா. நீ எழுதலன்னு எனக்குத் தெரியும். ஜன்னல்ல செடி வச்சிருக்கியாம், மொட்டு விட்டிருக்காம். உனக்கு அதெல்லாம் வராது. முப்பத்தெட்டு வருஷம் லிப்டு மோட்டார் சத்தத்த வச்சே எங்க கோளாறுன்னு சொன்னவன் நான். மக குரல் நடுங்கறது தெரியாதா? அவகிட்ட சொல்லிடாதே. சொன்னா வெக்கப்பட்டு நிறுத்திடுவா. எனக்கு அது வேணும். நாலரை மணி ஆறதுக்குள்ள எனக்கு எத்தனை யோசனை ஓடுது தெரியுமா, இன்னிக்கு உன்ன என்ன பண்ண வச்சிருப்பாளோன்னு. நல்லா எழுதறா. அதுல வர்ற நீ மூச்சு விடற. முடிஞ்சா நீயும் ஒண்ணு எழுது. ரெண்டும் வந்தா குழப்பமாயிடும்னு யோசிக்காதே, நான் சமாளிச்சுக்கிறேன். அப்பா."

அவர் ஏமாறவில்லை. ஒரு நாளும் ஏமாறவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை உன்னிடம் சொல்லாதது அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பின்னான ஓராண்டுக்கு எந்தச் சமாதானமும் இல்லை. உன் நோட்டில் "ஏமாற்றிவிட்டேன்" என்ற சொல்லைப் படித்தபோது இந்தத் தாள் என் முழங்கைக்கு ஒரு சாண் கீழே இருந்தது. ஓர் உறையும் ஒரு தபால்தலையும் போதும். அதற்குப் பதிலாக உன்னைக் குற்றவாளியாக்கி இரண்டு பக்கம் எழுதினேன். கோபம் உண்மையானது, முகவரிதான் தவறு.

இருநூற்றுப் பத்துப் பக்கத்தில் நான் ஊதியும் மூச்சு விடாதவன், மருத்துவமனைப் படிவத்தின் பின்பக்கத்தில் உன் கையால் மூச்சு விட்டான். அதை என் தந்தையே எனக்கு எழுதித் தெரிவித்தார். என்னால் அதை உன்னிடம் காட்ட முடியவில்லை. அவர் கேட்ட அந்த ஒன்றையும் எழுத முடியவில்லை. அதற்கு அவர் எனக்கு நான்கு மாதம் தந்திருந்தார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

செப்டம்பர் 21

அண்ணா,

நீ நலமா என்று கேட்காமல் ஆரம்பிக்கிறேன், கடைசியில் கேட்கிறேன்.

மூன்று வாரம் உனக்குப் பதில் எழுதாமல் இருந்து பார்த்தேன். சுலபமாகத்தான் இருந்தது. எப்படி உன்னால் முடிந்தது என்று கொஞ்சம் புரிந்தது. மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. எத்தனை சாயங்காலம் அந்தக் கட்டில் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டிருக்கிறேன் தெரியுமா? நீ டிராயரைத் திறந்து மூடிக்கொண்டு இருந்திருக்கிறாய்.

அப்பாவின் கடிதத்தை வட்டத்தில் வாசித்தேன். பாதியில் தாளை நீட்டிவிட்டேன். தையல்காரம்மா வாங்கி மீதியை வாசித்தார். நின்ற வரி கேட்டபோது டிரைவர், "நான் சமாளிச்சுக்கிறேன்" என்றார். குமாஸ்தா, "எனக்கு அது வேணும்" என்றார். மணியக்கா மணியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்று வேறு யாரும் வாசிக்கவில்லை. நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் கீழே இறங்கினோம்.

அப்பா என் நடிப்பைக் கண்டுபிடித்துவிட்டு, எனக்காக அவரும் நடித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும், "பரவாயில்ல, பையன் மறக்கல" என்பார். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒரு வருடத்துக்குப் பிறகு வருகிற சிரிப்பு.

எக்ஸ்ரே உறையை அனுப்பியிருக்கிறேன். பதினேழும் இருக்கின்றன. திருத்தாதே. பாராட்டாதே. அப்படியா நினைத்தாய் என்று கேட்காதே. எங்கள் விதி உனக்குத் தெரியும்: நின்ற வரி ஒன்று. நிற்கவில்லை என்றால் சும்மா அனுப்பிவிடு. தொகுப்புக்கு நவம்பர் பத்து கடைசி நாள்.

நீ நலமா?

தங்கை

நவம்பர் 2

அன்புள்ள தங்கைக்கு,

நலமா என்று கேட்டிருந்தாய். நலமில்லை, ஆனால் நேற்று ஏழு மணி நேரம் தூங்கினேன். நீயும் தூங்குகிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் உன் அண்ணி நின்றுகொண்டே ஆறாவது கடிதத்தைப் படித்தாள். என்ன செடி என்று கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை, தெரிவி.

பதினேழையும் மூன்று முறை படித்தேன். முதல் முறை பேனாவோடு, மற்ற இரு முறை பேனா இல்லாமல். உங்கள் விதிப்படி, பதினான்காவதிலிருந்து:

"எழுத உட்கார்ந்தால் நீங்கள் எனக்குப் பின்னால் நின்றபடியே படிக்கிறீர்கள், அப்பா. அதனால்தான் தாமதம்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தொகுப்புக்குக் கொடுக்கலாம். பதினேழின் முடிவிலும் "உங்கள் மூத்த மகன்" என்று கையொப்பம் இருக்கிறது. மெய்ப்புப் பார்க்கிறவனாக அந்த ஓர் இடத்தில் என் கை நின்றது.

அதைத் திருத்தவில்லை. அப்படியே அச்சுக்குப் போகட்டும்.

அண்ணன்